துரைக்குத் தைத்த பழைய போர்வை

கீமோ கொடுத்தால் உடம்பு கொதிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சுயமாகக் கண்டுபிடித்தது. முடி கொட்டுகிறது, வாயெல்லாம் புண்ணாகிறது, சோறு இறங்க மாட்டேன் என்கிறது. சூடு இல்லாமல் இதெல்லாம் எப்படி வரும்? எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் மனுசனுக்கு வரும் அத்தனை தொல்லைக்கும் இரண்டே காரணம்தான். ஒன்று சூடு. இல்லாவிட்டால் குளிர்ச்சி. பரீட்சையில் கோட்டை விட்டாலும் 'சூட்டு ஒடம்புங்க' என்று உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்துவிடுகிற ஊர் இது.

ஆகவே என் சிநேகிதன் துரைசாமிக்கு முதல் கீமோ என்று தெரிந்ததும், தீயணைப்பு வண்டி மாதிரி கிளம்பினேன். ஃப்ரிட்ஜில் வைத்த இளநீர் ஒரு தூக்குப்போசி நிறைய. வெள்ளரிப்பிஞ்சு. நன்னாரி சர்பத். அதெல்லாம் போதாதென்று வழியில் வண்டியை நிறுத்தி, பேட்டரியில் ஓடுகிற சின்ன மின்விசிறி ஒன்றும் வாங்கினேன். ஊதா நிறம்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். மருந்து ஏற்றுகிற ஹாலில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். மூலையில் ஒரு நாற்காலியில், குரங்குக் குல்லா, காலுறை, கழுத்தைச் சுற்றி ரெண்டு துண்டு, மேலே ஆஸ்பத்திரி கொடுத்த வெள்ளைத் துணி என்று ஒரு மூட்டை கிடந்தது. மூட்டைக்குள்ளிருந்து பல் அடித்துக்கொள்ளும் சத்தம் வந்தது. அதுதான் துரை.

நான் மின்விசிறியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்து, பொத்தானை அமுக்கினேன்.

"என்றா இது?" என்றான்.

"ஃபேன்டா. ஒடம்பு கொதிக்குமில்ல?"

துரை குல்லாவை மேலே தள்ளிவிட்டுக்கொண்டான். "மாப்ள, எனக்குக் கொள்ளி வெக்க நாலு பேரு காத்துக் கெடக்கறான். அவனுகளக் கூட்டிட்டு வந்திருந்தீன்னாக்கூடச் சித்த சூடா இருந்திருக்கும். நீ போயி ஃபேனத் தூக்கிட்டு வந்திருக்கற."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரித்ததில் கை மடங்கி, மருந்து ஏற்றும் மிஷின் கூவியது. நர்ஸம்மா ஓடிவந்து போசியைத் தொட்டுப் பார்த்து, "ஏனுங்க, இவருக்குப் போற மருந்துக்கு ஜில்லுனு ஒண்ணு தொடவே கூடாதுங்க. ஃப்ரிட்ஜத் தொறந்தாலே வெரல் எல்லாம் ஊசி குத்தற மாதிரி இருக்கும். நீங்க இளநியக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க" என்று போட்ட போடில், பக்கத்து நாற்காலிக்காரர்கூடத் தன் தண்ணீர் பாட்டிலை ஒளித்துக்கொண்டார்.

போன வாரம் இதே பத்தியில் என் ஸ்கூட்டர் பைபாஸில் நின்றுபோன கதையைப் படித்த வாசகர் ஒருவர், "இந்த வாரமும் சிரிக்க வைங்க" என்று போனில் சொன்னார். முயற்சி செய்கிறேனுங்க. ஆனால் இந்த வாரம் நான் கோபமாக இருக்கிறேன்.

அடுப்பில் நின்றவன்

துரை பேக்கரி வைத்திருக்கிறான். சிங்காநல்லூர்ப் பக்கம். காலையில் அடுப்பு மூட்டினால் தேங்காய் பன், பப்ஸ், வர்க்கி என்று வரிசையாக வெந்து வரும். அந்த அடுப்புக்கு முன்னால் கைவைக்காத பனியனோடு நின்றே வயசானவன். மார்கழியிலும் ஃபேன் போட்டுத்தான் தூங்குவான். அவன் வீட்டில் ஸ்வெட்டர் என்ற பொருளே கிடையாது.

அப்படிப்பட்டவனுக்குக் குடலில் கட்டி. எடுத்தாகிவிட்டது. மிச்சம் மீதி எங்கேயாவது ஒளிந்திருந்தால் அழிப்பதற்கு இந்த மருந்து. சில வாரத்துக்கு ஒரு தடவை, பல தடவை போட வேண்டும். நடுவில் நிறுத்தினால் போட்டதும் வீண் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"அந்த ஏசியைக் கொஞ்சம் குறைங்க" என்று அன்றைக்கு ஹாலில் நர்ஸம்மாவிடம் கேட்டேன். மொத்தக் கட்டிடத்துக்கும் ஒரே ஏசியாம். ஒரு நாற்காலிக்கு மட்டும் குறைக்க முடியாதாம். "அப்ப இன்னொரு போர்வை?" கொடுத்தார்கள். அதை விரித்துப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்பவர் சட்டையில் எத்தனை பொத்தான் என்று எண்ணலாம். கட்டியைக் கண்டுபிடிக்க மெஷின் இருக்கிறது, கரைக்க மருந்து இருக்கிறது, நடுங்குகிறவனுக்குத் தடியாய் ஒரு போர்வைக்கு மட்டும் வழி இல்லை. எங்கே போய் முட்டிக்கொள்வது?

விசாரிக்க வருகிறவர்கள்

வீட்டுக்கு வந்த பிறகாவது நிம்மதி உண்டா என்றால், விசாரிக்க வருகிறவர்கள் இருக்கிறார்களே.

ஆரஞ்சுப் பையும் ஹார்லிக்ஸுமாக உள்ளே வருவார்கள். கட்டிலின் கால்மாட்டில் நிற்பார்கள். படுத்திருப்பவனை விட்டுவிட்டு, அவன் மனைவி கோமதியிடம் கேட்பார்கள்: "டாக்டரு என்ன சொல்றாருங்க அம்மணி?" நோயாளிக்குக் குடலில்தான் கட்டி, காதில் இல்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பார்கள். "எங்க சின்ன மாமனாருக்கும் இதேதானுங்க. நல்லாத்தான் இருந்தாரு. போன தையில போய்ச் சேந்துட்டாருங்க." ஒருவர் போகிற போக்கில், "மயிலாட்டம் இருந்த மனுசன்" என்று துரையைப் பற்றி இறந்த காலத்தில் பேசிவிட்டுப் போனார். துரை ஒரு நாளும் மயிலாட்டம் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றிவிட்டு வந்த மறுநாள் போனேன். துரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"அடுத்ததுக்கு நான் வரல மாப்ள."

"என்னது?"

"அந்த ரூமு ஐஸ் பொட்டி. இந்த ரூமு எழவு வீடு. ரெண்டுக்கும் நடுவுல என்னால ஆகாது. உட்டுப்போடுங்க."

கோமதி வாசல்படியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். "டேய், ஜனத்த நிறுத்த என்னால ஆகாது. குளுர நிறுத்தறேன். நானே உனக்கு ஒரு போர்வை தெச்சுக் கொண்டாறேன்."

துரை திரும்பிப் படுத்தான். "நீயா?" என்றான். பல நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு ஆர்வம் தெரிந்தது. கேலி செய்யக் கிடைத்த ஆர்வம்.

தைக்கத் தெரியாத தையல் மிஷின்காரன்

என் தொழில் தையல் மிஷின் உதிரிபாகங்கள் விற்பது. பாபின், ஊசி, பெல்ட், மோட்டார் எல்லாம் இருக்கும். எந்த மிஷினுக்கு எந்த ஊசி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தைக்க மட்டும் தெரியாது. எருமை மாட்டு வியாபாரிக்குப் பால் கறக்கத் தெரியாதது மாதிரி என்று என் மனைவி சாந்தி சொல்லும்.

முதலில் உக்கடத்தில் எனக்குத் தெரிந்த மெத்தைக்கடை பாயிடம் போனேன். "இருக்கற பஞ்சையெல்லாம் போட்டு ஒரு போர்வை பண்ணுங்க பாய். குளுரு உள்ளயே வரக்கூடாது" என்றேன். பண்ணிவிட்டார். தூக்கிப் பார்த்தால் கன்றுக்குட்டிக் கனம். "சொன்னபடி பண்ணிட்டனுங்க. இனி குளுரும் உள்ள வராது, ஆளும் வெளிய வர மாட்டாரு" என்றார் பாய். நர்ஸம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, பஞ்சுத் தூசி பறக்கிற எதுவும் கூடாது, கொதிக்கிற தண்ணீரில் துவைக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்தக் கன்றுக்குட்டி இன்றும் எங்கள் பரண் மேல் படுத்திருக்கிறது.

திருப்பூரில் என் வாடிக்கைக்காரர் ஒருவர் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் ரோல் முடிவில் மிஞ்சிய நல்ல துணியாகப் பொறுக்கிக் கொடுத்தார். அரக்கு, கிளிப்பச்சை, மஞ்சள், வெள்ளை. நடுவில் வைக்க, பனி பெய்கிற தேசத்துக்குப் போகும் தடித்த துணி. பூனைக்குட்டி வயிறு மாதிரி மெத்தென்று இருந்தது.

கடையை மூடிக்கொண்டு, வாடிக்கைக்காரர்களுக்கு ஓட்டிக் காட்ட வைத்திருக்கும் மிஷினில் உட்கார்ந்தேன். பனியன் துணி மாதிரி சொல்பேச்சுக் கேட்காத ஜந்து உலகத்தில் கிடையாது. மேல்துணி ஒரு பக்கம் போகிறது, அடித்துணி இன்னொரு பக்கம் போகிறது, நடுத்துணி வரவே மாட்டேன் என்று சுருண்டுகொள்கிறது. சதுரமாக வெட்டியது தைத்து முடித்தால் தமிழ்நாட்டு வரைபடம் மாதிரி வருகிறது. ஒரு நீளத் தையலை வெற்றிகரமாக ஓட்டி முடித்துவிட்டு எழுந்தேன். போர்வையும் என்கூடவே எழுந்தது. என் சட்டை நுனியையும் சேர்த்துத் தைத்திருந்தேன்.

சாந்தி கத்திரிக்கோலோடு வந்தது. "சட்டைய வெட்டட்டுங்களா, போர்வைய வெட்டட்டுங்களா?"

"சட்டைய வெட்டு."

என் கல்யாண நாளுக்கு எடுத்த சட்டை. சாந்தி வெட்டியது. அந்தச் சட்டைத் துண்டு இன்னும் போர்வையின் ஓரத்தில் நீலமாய் நிற்கிறது.

கோடி

ஒருவழியாக முடித்து, மடித்து, பாலிதீன் பையில் போட்டு எடுத்துப் போனேன். துரை வீட்டில் அன்றைக்கு உடுமலை அண்ணன் இருந்தார்.

உடுமலை அண்ணன் என்பது துரையின் பெரியப்பா மகன். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு. குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் வந்து துண்டை உதறித் தோளில் போட்டால்தான் காரியம் நடக்கும். அன்றைக்கும் ஒரு சாக்கு நிறைய இளநீர் கொண்டுவந்து இறக்கியிருந்தார். ஒடம்புச் சூட்டுக்கு. பார்த்ததும் எனக்கு அவர்மேல் ஒரு பாசமே வந்தது.

நான் பையைப் பிரித்து, போர்வையை எடுத்து, பெருமையோடு உதறி, துரையின் மேல் போர்த்தினேன். கால்மாட்டிலிருந்து நெஞ்சுவரை.

நாற்காலி ஒன்று பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"ஏப்பா ரங்கராசு" என்றார் உடுமலை அண்ணன். "உசுரோட படுத்திருக்கறவன் மேல கொண்டாந்து கோடி போடறயே, உனக்குக் கண்ணு தெரியலயா?"

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துபோனால் உறவுக்காரர்கள் புதுத்துணி வாங்கிக்கொண்டு வந்து உடம்பின் மேல் போர்த்துவார்கள். அதற்குக் கோடி போடுவது என்று பெயர். நானோ ஒரு தடவைகூட நனைக்காத புதுத்துணியை, படுத்துக் கிடப்பவன் மேல், எல்லோரும் பார்க்க உதறிப் போட்டிருக்கிறேன்.

கோமதி சடாரென்று போர்வையை இழுத்து என் கையில் திணித்தது. கண்ணில் தண்ணீர். "ரங்கண்ணா, நீங்க நல்ல மனசோட செஞ்சதுதானுங்க. இருந்தாலும் இது ஊட்டுக்குள்ள வேண்டாமுங்க. எடுத்துட்டுப் போயிருங்க."

துரை கண்ணை மூடிக்கொண்டான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு உதறல். கோடி போட்டு ஆளைக் கொன்றுவிட்டேன் என்றே முடிவு செய்துவிட்டேன். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டியை ஓரம் கட்டிக் கோமதிக்குப் போன். "துரை எப்புடி இருக்கறான்?" முதலில், "தூங்கறாருங்ணா." பிறகு, "காப்பி குடிக்கறாருங்ணா." கடைசியில், "பாத்ரூம்ல இருக்காருங்ணா, அங்கியும் வந்து பாக்கோணுங்களா?"

செத்தவனுக்குக் குளிருமா?

உதறல் அடங்கிய பிறகு கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

என் பெரிய மாமா ஒருவர் இருந்தார். அவர் இறந்த அன்றைக்கு மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் மேல் விழுந்த புதுத்துணியை அடுக்கினால் என் இடுப்பு உயரம் வரும். முகமே தெரியவில்லை. யார் முதலில் போடுவது என்று இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை வேறு. அதற்கு முந்தின மார்கழியில் அதே மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். நைந்துபோன ஒற்றைப் போர்வையைக் காலுக்கு இழுத்தால் தோளுக்குப் பத்தாமல், தோளுக்கு இழுத்தால் காலுக்குப் பத்தாமல் குறுகிப் படுத்திருந்தார். அந்த வீட்டுக்கு அன்றும் எத்தனையோ பேர் வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். நானும் குடித்தேன்.

செத்தவனுக்குக் குளிருமா? வரிசையில் நின்று, பெயர் சொல்லி, பெருமையாகப் போர்த்துகிறோமே, யாருக்காக? உயிரோடு இருப்பவன் பல் அடித்துக்கொள்ள நடுங்கும்போது புதுத்துணி ஆகாதாம். மூச்சு நின்ற பிறகு வண்டி வண்டியாய் வரலாமாம். இதை யார் எழுதி வைத்தது? அந்த ஆளை எனக்குக் காட்டுங்கள். அந்த ஆஸ்பத்திரி ஹாலில் ஒரு மத்தியானம் உட்கார வைக்கிறேன். வெற்றுடம்போடு.

இதையெல்லாம் மறுநாள் போனில் துரையிடம் கத்தினேன். அவன் முழுக்கக் கேட்டான்.

"முடிச்சுட்டயா?"

"முடிச்சுட்டேன்."

"கோடின்னா புதுசுதான மாப்ள?"

"ஆமா."

"அப்பப் பழசாக்கிப்போடு."

பழசாக்கிய கதை

சித்திரை மாதம். கோயமுத்தூரின் குளுகுளு காற்று என்று பெருமை பேசுகிறவர்கள் யாராவது சித்திரையில் என் வீட்டுக்கு வந்து பாருங்கள். அந்த வெக்கையில், பனி தேசத்துத் துணி வைத்த போர்வையை நான் போர்த்திக்கொண்டு தூங்கினேன். தூங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. வெந்தேன். "கீமோ அவிங்களுக்கு, கொதிக்கறது உங்களுக்குங்களா?" என்று கேட்டுவிட்டு, சாந்தி தலையணையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டது.

பிறகு துரை கொடுத்த யோசனைப்படி அதை அவன் பேக்கரிக்கே கொண்டுபோய், டீ குடிப்பவர்கள் உட்காரும் பெஞ்சின் மேல் விரித்தேன். ஊரே வந்து உட்கார்ந்தது. பப்ஸ் தூள் உதிர்ந்தது. வாழைக்காய் பஜ்ஜியின் எண்ணெய் பட்டது. அரசியல் பேசிய ஒருவர் ஆவேசத்தில் முழு டீயையும் ஒரு மூலையில் கொட்டி, "ஐயோ, மன்னிச்சுப்போடுங்" என்று பதறினார். "நெம்ப சந்தோசமுங்க, இன்னொரு டீ சொல்லட்டுங்களா?" என்றேன். மனிதர் பயந்துபோய்ச் சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

அப்புறம் வெந்நீர் அண்டாவில் போட்டுக் கொதிக்கக் கொதிக்க அலசினேன், நர்ஸம்மா சொன்னபடி. அரக்குச் சாயம் வெள்ளையில் ஏறி, வெள்ளை ரோஸ் ஆகி, மஞ்சள் என்ன நிறம் என்று எனக்கே தெரியாமல் போனது. மொட்டை மாடி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்தேன். டீக்கறை மட்டும் போகவில்லை. நல்ல கறை.

அடுத்த மருந்துக்குக் குறித்த காலையில் துரை வீட்டு வாசலில் கார் நின்றது. துரை இன்னும் கட்டிலில்தான் இருந்தான். வருவேன் என்று அவன் சொல்லியிருக்கவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. உடுமலை அண்ணன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நான் போர்வையை நீட்டினேன்.

"இது பழசுங்ணா. நான் போத்திப் படுத்தது."

அவர் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். தடவினார். மோந்தார். "என்னப்பா கறை?"

"டீங்ணா. பேக்கரி பெஞ்சில கெடந்தது. சிங்காநல்லூரே இது மேல ஒக்காந்து எந்திரிச்சிருச்சு."

நீல நிறத்தில் நின்ற துண்டைத் தொட்டார். "இது?"

"என்ற சட்டைங்ணா. கூடச் சேந்து தெச்சுப்போட்டேன்."

அதை விரலால் நீவினார். "அன்னைக்குச் சடார்னு உதறிப் போட்டதும் இவன் போயே போயிட்டான்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "இவன நான் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன்." பிறகு குரலை உயர்த்தி, "கோமதி அம்மணி, இது நாத்தம் புடிச்ச பழைய துணிதான். எடுத்து வண்டில வெய்யி. நானும் வாரேன்" என்றார்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. துரை எழுந்து செருப்பைத் தேடினான்.

அதே ஹால்

அதே ஐஸ் பெட்டி. அதே மூலை நாற்காலி. துரையைக் கழுத்துவரை போர்த்திவிட்டோம். நர்ஸம்மா ஊசியைப் பொருத்திவிட்டு, போர்வையைப் பார்த்து, "இது என்ன கலருங்க?" என்றது. யாருக்கும் பதில் தெரியவில்லை.

உடுமலை அண்ணன் பக்கத்து நாற்காலியில், மெல்லிசு மல் வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, தோப்பு முதலாளி தோரணையில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டார். பிறகு துண்டை இறக்கிக் கழுத்தில் சுற்றினார். பிறகு காலை மேலே தூக்கி வைத்தார். "இதென்னப்பா, மனுசன் இருக்கற எடமா இது?" என்று என்னை அதட்டினார், நான்தான் ஏசி போட்டவன் மாதிரி.

நான் காப்பி வாங்கப் போய்த் திரும்பினேன். போர்வையின் ஒரு முனை நீண்டு பக்கத்து நாற்காலிக்குப் போயிருந்தது. டீக்கறை இருந்த முனை. அதற்குள் உடுமலை அண்ணன் இரண்டு காலையும் விட்டு, நெஞ்சுவரை இழுத்துக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

துரை குல்லாவுக்குள்ளிருந்து கண்ணைக் காட்டினான். "மாப்ள, சத்தம் போடாத. போட்டோ எடு. உடுமலை ஊருக்கே அனுப்பறோம்."

அவன் பல் அடித்துக்கொள்ளவில்லை.

எடுத்தேன். சிரிப்பை அடக்கியதில் படம் கலங்கலாகத்தான் வந்தது. அன்றைக்கு மருந்து கடைசிச் சொட்டுவரை ஏறியது. அடுத்த தடவைக்கு யாரும் கூப்பிடுவதற்கு முன்பே துரை வந்து காரில் உட்கார்ந்திருந்தான். மடியில் போர்வை.